இரண்டு நிமிடம் நாற்பது விநாடி

ஐந்தாவது மாடியில் வானம் கிடையாது.
தண்டவாளத்துக்கு மேலே கூரை,
கூரையில் யாரோ வரைந்து வைத்த மேகம்.
புக்கிட் பிந்தாங்கில் மழை பெய்வது
வரிசையில் நிற்பவர்களின் நனைந்த குடையைப் பார்த்துத்தான்
எனக்குத் தெரியும்.

ஒரு சுற்று இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.
பச்சைப் பொத்தானை அழுத்தியதும்
இருபது வாய்கள் ஒரே நேரத்தில் திறக்கும்.
என் வாயும் அப்போதுதான்.
முதலுதவிப் பெட்டிக்குப் பின்னால் ரொட்டி.
ஒரு சுற்றுக்கு இரண்டு கடி. மூன்றாவது பேராசை:
மென்றுகொண்டே "செலாமட் டாத்தாங்" சொல்ல முடியாது.

அட்டவணைப்படி எனக்கு அரை மணி நேர ஓய்வு.
கேண்டீன் கீழே, சரக்கு இறக்கும் தளத்தில்.
வாடிக்கையாளர் லிஃப்டில் சீருடை ஏறக் கூடாது.
சரக்கு லிஃப்ட் கோழிப் பெட்டிகளோடு
எல்லா மாடியிலும் நிற்கும்.
போக எட்டு, வர எட்டு,
கழிப்பறைக்கு நான்கு, மாதத்தில் மூன்று நாள் ஆறு.
மிச்சத்தை வரிசை தின்னும்.
என் முகம் தெரிந்தால் ஃபரிடா அக்கா
தலைகளுக்கு மேலே நாசி லெமாக் பொட்டலத்தை வீசுவார்,
காசு நாளைக்கு என்பார்.

கரடி வேஷம் போடும் சிவநேசன் பாடு இன்னும் மோசம்.
கரடி சாப்பிடுவதைக் குழந்தைகள் பார்க்கக் கூடாதாம்.
துணிக் கிடங்கில் தலையைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு விழுங்குவான்.
கரடியிடம் தோசை வாசம் அடிக்கிறதென்று
ஒருநாள் புகார் வந்தது.
இருபது வெள்ளி பிடித்தார்கள்.

பள்ளி விடுமுறை, இரண்டாவது சனிக்கிழமை.
இரண்டரைக்கு வரவேண்டிய மாற்றாள் வரவில்லை.
வாக்கியில் கேட்டேன். "செகெஜாப்" என்றது.
செகெஜாப் என்றால் சற்று நேரம்.
எவ்வளவு சற்று என்று எந்த மொழியிலும் சொல்வதில்லை.

மூன்று பன்னிரண்டுக்கு வண்டி நின்றது.
ஏற்றத்தின் பாதியில், வரைந்த மேகத்துக்கு இரண்டு முழம் கீழே
இருபது பேர்.
டெக்னீஷியன் வரும்வரை அசையாதே என்றார்கள்.
பசிக்கு என்ன தெரியும்,
அது இதைத்தான் ஓய்வு என்று நினைத்துக்கொண்டது.
குனிந்து ரொட்டியை எடுத்தேன்.
மேலே நாற்பது கண்கள்.
கடைசிப் பெட்டியில் முன்பல் விழுந்த பொடியன்
அழவில்லை, கத்தினான்:
"அக்கா, என்னா சாப்பிடுறீங்க?"
"ரொட்டி."
"உள்ள என்னா?"
"சம்பல். நேத்து வச்சது."
"உறைக்குமா?"
"கொஞ்சம்."
அவன் அம்மா கம்பியைப் பிடித்த பிடி தளராமல் சிரித்தாள்.
முதல் பெட்டியிலிருந்த சீனத் தம்பதி
இறங்கியதும் எங்கே சாப்பிடுவது என்று தர்க்கம் தொடங்கினார்கள்.
நாற்பது நிமிடம், கூரையில் தொங்கியபடி,
லக்சாவா, சார் குவேய் தியோவா.
ரொட்டியை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பக்கப் படி வழியாக ஒவ்வொருவராய் இறக்கினோம்.
பொடியன் என் விரலை மோந்து பார்த்தான்.
"ரொம்ப உறைக்கும் இது."

இரவு பத்தரை. அறிக்கைத் தாள்.
சம்பவ நேரம். பயணிகள் எண்ணிக்கை.
ஊழியர் கடைசியாக ஓய்வெடுத்த நேரம்.
மேலாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார்:
இரண்டரைக்கு வெளியே, மூன்றுக்கு உள்ளே.
தானாகவே பதிந்துகொள்ளுமாம், ஆள் நகர வேண்டியதில்லை.
என் பெயரில் யாரோ ஒருத்தி
நிதானமாய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.
கை கழுவியிருக்கிறாள்.
தே ஓ ஐஸ்கூடக் குடித்திருக்கலாம்.

"சரிதானே, புவா? கையெழுத்துப் போடு."
பேனாவை நீட்டினார்.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.
காய்ந்துபோன ரொட்டியை
அறிக்கையின் மேலேயே பிரித்தேன், எண்ணெய் ஊறட்டும் என்று.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"செகெஜாப்" என்றேன்,
மூன்றாவது கடியை மென்றுகொண்டே.